காரப்போலி வேண்டாம், தாவரக்காரம் போதும்

போன மாதம் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மூத்தோருக்கு ஒரு நலவாழ்வு உரை. திரையில் இப்படி ஒரு வரி வந்தது: 'சர்ப்பகந்தி வேரில் உள்ள ரெசர்பின் என்னும் காரப்போலி, மூளையின் வேதிப்பொருள்களைக் குறைக்கிறது.' பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: "என்ன தம்பி, போலி மருந்தையா மூளைக்குக் கொடுக்குறாங்க?"

அவரைக் குறை சொல்ல முடியாது. போலிக் குறுஞ்செய்தி, போலி இணையத்தளம், போலி அதிகாரி என்று இங்கே நாள் தவறாமல் எச்சரிக்கை வருகிறது. அப்படிப் பழகிய காதில் 'போலி' என்று விழுந்தால் மோசடி என்றுதான் பதியும். பெரும்பாலும் செடிகளில் கிடைக்கும், உடலில் மருந்தாகவோ நஞ்சாகவோ வேலை செய்யும் வேதிப்பொருள்களுக்கு ஆங்கிலத்தில் ஆல்கலாய்டு என்று பெயர். அதற்குக் 'காரப்போலி' என்று எழுதுவதை நான் பார்ப்பது இது முதல் தடவையும் அல்ல.

சொல்லின் கதை சிறியது. அல்-கலீ என்பது அரபு. உவர்ச்செடியை எரித்த சாம்பலுக்கு அந்தப் பெயர். அதிலிருந்து ஆல்கலி, அதாவது அமிலத்துக்கு எதிரான காரம். அதோடு 'சாயல்' என்று பொருள்படும் 'ஆய்டு' என்ற கிரேக்க விகுதி சேர்ந்து ஆல்கலாய்டு. 1819-இல் மைஸ்னர் என்ற ஜெர்மானியர் ஆக்கிய பெயர். நம் 'காரம்' வடமொழி க்ஷாரத்திலிருந்து வந்தது. அதுவும் சாம்பலிலிருந்து எடுத்த உப்புதான்.

காரப்போலியை ஆதரிக்கும் நண்பர் ஒருவர் இலக்கணத்தைக் காட்டினார். அறம், அறன் என்று கடைசி எழுத்து மாறி வருவது கடைப்போலி. இல்முன் என்பது முன்றில் என்று மாறி நிற்பது இலக்கணப்போலி. இங்கெல்லாம் போலி என்றால் பொய்யா என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அறன் நின்ற இடத்தில் அறம் நின்றாலும் பொருள் மாறாது. இலக்கணம் சொல்லும் போலிக்கு அதுதான் அடையாளம். ஆல்கலாய்டு காரத்துக்குப் பதிலாக நிற்கும் பொருள் அல்ல. மைஸ்னர் பெயர் வைப்பதற்கு முன் ஆல்கலாய்டுகளைத் தாவரக்காரங்கள் என்றே சொல்லிவந்தார்கள். சில பண்புகளில் இவை காரத்திலிருந்து மிகவும் விலகுகின்றன, வேறு பெயர் வேண்டும் என்றுதான் மைஸ்னர் புதுப்பெயர் வைத்தார். அதனால் இலக்கணத்தை வைத்துப் பார்த்தாலும் போலி இங்கே பொருந்தவில்லை.

அந்தக் கிரேக்க விகுதியைப் பார்த்ததும் 'போலி' போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கொலாய்டு என்றால் மூலத்தில் 'பசை போன்றது'. நாம் பசைப்போலி என்றோமா? கூழ்மம் என்றோம். எவ்வளவு நல்ல சொல்! அஸ்டிராய்டு 'விண்மீன் போன்றது'. நமக்கு அது சிறுகோள். தைராய்டு 'கேடயம் போன்றது'. கேடயச் சுரப்பி என்றார்கள். இவற்றை ஆக்கியவர்கள் பொருளைப் பார்த்தார்கள். இப்போது ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டி, அகராதியில் ஒவ்வொரு துண்டுக்கும் ஈடான சொல் தேடி ஒட்டிவிடுகிறார்கள். இப்படி மொழிபெயர்த்த துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டு, ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் என் அம்மா மருந்தின் பயனைப் புரிந்துகொள்கிறார். எனக்கு அது வேதனையாக இருக்கிறது.

மைஸ்னர் விலக்கிய பெயரையே நான் கேட்கிறேன்: தாவரக்காரம். இதற்கும் தடை உண்டு. செங்காந்தள் கிழங்கில் உள்ள கோல்கிசின் என்ற ஆல்கலாய்டு ஏறக்குறைய நடுநிலையானது, காரத்தன்மை இல்லை. எர்காட் காரங்கள் செடியிலிருந்து அல்ல, எர்காட் என்ற பூஞ்சையிலிருந்து வருபவை. சரி, பெரும்பான்மை பற்றி வந்த பெயர் என்று கொள்ளலாம். காரம் என்றால் மிளகாய் நினைவு வராதா என்பார்கள். வெங்காரம், படிகாரம் என்று சொன்னால் எந்தப் பாட்டியும் மிளகாயை நினைப்பதில்லை. முன்னால் நிற்கும் சொல் பொருளைக் காத்துவிடும்.

அந்தத் திரையில் 'குறைக்கிறது' என்று ஒரே சொல்லில் முடித்ததும் போதாது. நரம்பு முனையில் நுண்ணிய பைகள் இருக்கின்றன. டோபமின், செரோடோனின் போன்ற, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள் அவற்றில் நிரம்பியிருந்து, வேண்டும்போது வெளியே வரும். ரெசர்பின் அந்தப் பைகளை நிரம்பவிடாது. 1950-களின் இறுதியில் சுவீடனில் கார்ல்சன் என்ற ஆய்வாளர் ரெசர்பின் கொடுத்த முயல்கள் அசையாமல் கிடந்தன. உடலில் டோபமினாக மாறும் எல்-டோபாவை ஊசி போட்டதும் எழுந்து நடமாடின. நடுக்குவாத நோய்க்கு எல்-டோபா மருந்தானதற்கு அந்த முயல்களும் ஒரு காரணம். கார்ல்சனுக்கு 2000-இல் நோபெல் பரிசு கிடைத்தது. இதைச் செய்து காட்டிய பொருளைப் போலி என்று எழுத எனக்குக் கை வராது.

உரை முடிந்து கோப்பி குடிக்கும்போது பெரியவரிடம் தாவரக்காரம் என்று சொல்லி விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நம்ம மிளகுலயும் இது இருக்குமா தம்பி?"

இருக்கிறது ஐயா. பைப்பரின் என்று பெயர். அதைப் பிரித்தெடுத்ததும் அதே 1819-இல்தான்.