ஆப் எழுதும் முன் ஆட்களைக் கூட்டுங்கள்

"ஆப் ரெடி. நீங்க வந்து டிசைன் மட்டும் ஒரு தடவை பார்த்துட்டா, சிட்டி முழுக்க லான்ச் பண்ணிடலாம்." பெங்களூருவில் சர்வீஸ் டிசைன், அதாவது ஒரு சேவை முழுதும் எப்படி நடக்க வேண்டும் என்று திட்டமிடும் வேலை, பார்க்கிற யாருக்கும் இந்த ஃபோன் கால் புதிதல்ல. இந்த முறை அழைத்தது வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகிற ஒரு ஸ்டார்ட்அப். இரண்டு மூன்று ஏரியாக்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அங்கே பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இனியாவது ஃபவுண்டர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

ரத்தம் எடுக்கப் போகும் ஊழியரோடு காலையில் அல்சூர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். சர்க்கரை நோய் உள்ள ஒரு தமிழ்ப் பாட்டி. மகன் வெளியூரிலிருந்து புக் செய்திருக்கிறார். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று என இரண்டு டெஸ்ட். ஆப்பில் இரண்டும் சேர்ந்து ஒரே புக்கிங். அந்தத் தம்பி முதல் ரத்தத்தை எடுத்து, சாம்பல் மூடி போட்ட குழாயில் அடைத்து, லேபிள் ஒட்டி முடித்தார். "பாட்டி, சாப்பிட ஆரம்பிக்கும்போது மணி பார்த்துக்குங்க. அதுலேருந்து சரியா ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை எடுக்கணும்" என்றார். பாட்டி கேட்டார்: "நீயே வருவியாப்பா?" தம்பிக்கு அடுத்த வீடு பெல்லந்தூரில். அந்த நேரத்து டிராஃபிக்கில் அவர் போய்த் திரும்புவது நடக்காத காரியம். பதில் சொல்லாமல் பையை மூடினார். அன்று இரண்டாவது ரத்தம் எடுக்க யாரும் வரவில்லை. ஆனால் ஆப்பில் அந்த புக்கிங் 'முடிந்தது' என்று பச்சை டிக்கோடு நின்றது. முடிந்த புக்கிங்குக்கு ரீஃபண்ட் பட்டன் வராது.

ஆபீசுக்கு வந்து விசாரித்தால், இது தெரியாதவர் யாருமே இல்லை. லேப் டெக்னீஷியனுக்கு இரண்டு மணி நேரக் கணக்கு அத்துப்படி. கால் சென்டர் பெண்ணிடம் தினமும் இதே புகார்தான். கணக்குப் பிரிவு, வருகைக்கு இவ்வளவு என்று இல்லாமல் புக்கிங்குக்கு இவ்வளவு என்று கூலி வைத்திருந்தது. அதனால் இரண்டாவது முறை போகிறவருக்குப் பெட்ரோல் காசு கைநஷ்டம். என்ஜினியரிடம் கேட்டேன். "ஒரு புக்கிங்குக்கு ஒரு டைம் ஸ்லாட்னுதான் ஸ்பெக்ல இருந்தது" என்றார். ஸ்பெக் என்பது ஆப் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் குறிப்பு. அவர் சொன்னதும் உண்மைதான். ஆளுக்கொரு துண்டு தெரியும். ஆனால் இத்தனை பேரும் ஒரே அறையில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை.

இதற்கு என்னிடம் ஃபவுண்டர் கேட்ட தீர்வு என்ன தெரியுமா? புக்கிங் பக்கத்தில் ஒரு அறிவிப்புப் பெட்டி!

இந்த ஒரு நினைப்புதான் என்னை மிகவும் சோர்வடைய வைக்கிறது. டிசைன் என்றால் திரை. திரை என்றால் நிறம், எழுத்து, பட்டன். ஆகவே டிசைனர் கடைசியில் வந்தால் போதும். இல்லை, இல்லவே இல்லை. அந்தப் பாட்டி உங்கள் ஆப்பைப் பார்த்ததே கிடையாது. அவருக்கு உங்கள் சேவை என்பது கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி, ரத்தம் எடுக்க வந்தவரை உள்ளே விட்டாரா, ஊசி குத்துகிறவர் தமிழிலோ கன்னடத்திலோ பேசுகிறாரா, ரிப்போர்ட் டாக்டரைப் பார்க்கும் முன் கைக்கு வந்ததா என்பதுதான். இதில் எதையும் டிசைனர் தனியாகத் தீர்மானிக்க முடியாது. கூலியைக் கணக்குப் பிரிவும், குழாய் எத்தனை மணிக்குள் லேபுக்குப் போக வேண்டும் என்பதை டெக்னீஷியனும், ரிப்போர்ட்டை யாருக்கு அனுப்பலாம் என்பதை வக்கீலும்தான் சொல்ல வேண்டும். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய பிறகும், ரிப்போர்ட்டை வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிற ஸ்டார்ட்அப்கள் இருக்கின்றன. எங்கள் வேலை இவர்களைக் கூட்டி, ஒருவர் எடுக்கும் முடிவு இன்னொருவர் தலையில் எங்கே போய் விழுகிறது என்று எல்லோர் கண்ணுக்கும் காட்டுவது.

ஒரு சேவை படிப்படியாக எப்படி நடக்கிறது என்று வரைந்து காட்டும் சர்வீஸ் ப்ளூபிரிண்ட் என்ற முறையைக் கொண்டுவந்த லின் ஷோஸ்டாக் வங்கித் துறையில் இருந்தவர். 1984-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் அவர் எழுதிய கட்டுரையில், தெருமுனையில் ஷூ பாலிஷ் போடும் வேலையை வரைந்து காட்டியிருப்பார். எந்த இடத்தில் தவறான நிறப் பாலிஷ் பூசிவிட வாய்ப்பு இருக்கிறது, ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு நேரம், நேரம் நீண்டால் எப்போது லாபம் நஷ்டமாகிறது என எல்லாம் அதில் உண்டு. பணமும் நேரமும் தவறுகளும் ஆரம்பத்திலிருந்தே அந்தப் படத்தின் பாகங்கள். எங்கள் ஆட்களே இதை மறந்துவிட்டார்கள் என்பது என் வருத்தம். சுவர் நிறைய கலர் ஸ்டிக்கி நோட் ஒட்டி, ஃபோட்டோ எடுத்து, யாரும் திறக்காத ஒரு பிடிஎஃப்பை அனுப்பிவிட்டு பில் போடுகிற டிசைனர்களையும் பார்க்கிறேன். ஒரு வருகைக்கு என்ன செலவாகிறது என்று கேட்காத டிசைனரை என்ஜினியர்கள் மதிக்காததில் எனக்கு ஆச்சரியமில்லை.

சேர்ந்து செய்தால் நடக்கும் என்பதற்கு இதே ஊரில் உதாரணம் இருக்கிறது. 2022-இல் வந்த, ஆட்டோ புக் செய்யும் நம்ம யாத்ரி ஆப்பை உருவாக்கிய ஜஸ்பே நிறுவனம், ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தோடு சேர்ந்துதான் அதில் இறங்கியது. பயணத்துக்குப் பயணம் கமிஷன் பிடிப்பது ஓட்டுநர்களின் பெரிய குறை. இவர்கள் கமிஷனே எடுக்கவில்லை. 2023-இல் நாளுக்கு 25 ரூபாய் சந்தா என்று வைத்தார்கள். இந்த ஆப்பிலும் ஆட்டோ கிடைக்காத நாட்கள் உண்டு. ஆனால் வண்டி ஓட்டுகிறவரின் வருமானம் சேவையின் ஒரு பகுதி என்பதை முதலிலேயே கணக்கில் எடுத்தார்கள். அது பெரிய விஷயம்.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதல் வரி கோட் எழுதும் முன், வெறும் ஃபோனையும் ஒரு எக்செல் ஷீட்டையும் வைத்துச் சில வாடிக்கையாளர்களுக்கு அந்தச் சேவையை நீங்களே செய்து பாருங்கள். என்ஜினியரை ஒரு நாளாவது ஊழியரின் பைக் பின்னால் உட்கார வையுங்கள். மீட்டிங் மினிட்ஸ் படித்தால் போதாது. கால் சென்டரில் இருப்பவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, அவரை முதலில் பேச விடுங்கள். ஃபவுண்டர் பேசி முடித்த பிறகு அவர் வாயே திறக்க மாட்டார். கூலி, இன்சென்டிவ் மாற்றம் எதையும் கணக்குப் பிரிவு தனியாக முடிவு செய்யக் கூடாது. இன்வெஸ்டர் டெமோவுக்குத் தேதி குறித்துவிட்டோம் என்று இதையெல்லாம் தள்ளிப்போடாதீர்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்ய எங்களைக் கூப்பிட்டுப் பயனில்லை.

டிசைனருக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் பரவாயில்லை, நீங்களே செய்யலாம். ஒரு நீளமான சார்ட் பேப்பரில் வரிசைகள் போடுங்கள். மேலே வாடிக்கையாளர் செய்வது. அதன்கீழ் அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உங்கள் ஊழியர் செய்வது. அப்புறம் தெரியாமல் பின்னால் நடப்பது, அதற்கும் கீழே சாஃப்ட்வேர். கடைசியில் இரண்டு வரிசை கட்டாயம்: எத்தனை நிமிடம், எவ்வளவு ரூபாய். லேப், கால் சென்டர், கணக்கு, கோட் என ஒவ்வொருவர் கையிலும் ஒரு பேனா கொடுங்கள். யாருக்கு எந்தக் கட்டத்தில் சந்தேகமோ, அங்கே சிவப்பு வட்டம் போடட்டும். அந்த வட்டங்களை வைத்துக்கொண்டு ஸ்பெக் எழுத உட்காருங்கள்.