புள்ளி குறைந்தால் பொறியியல் கிடைக்காதா? திறன் அடிப்படைச் சேர்க்கை பற்றி

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வான ஏ-லெவலின் முடிவு வந்த அன்று சாயங்காலம், சிங்கப்பூர் ஈசூனில் என் அக்கா வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மகனுக்கு எச்2 (முழு அளவுப் பாடம்) கணக்கில் பி, இயற்பியலில் சி, வேதியியலில் டி, பொதுத்தாள் எனப்படும் ஜிபியில் சி. பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே இயந்திரப் பொறியியல்தான் ஆசை. துணைப்பாட நிலையத்தில் விசாரித்தால், "என்யுஎஸ், என்டியு மாதிரி உள்ளூர்ப் பல்கலைக்கழகம் எல்லாம் மறந்துடுங்க, வெளிநாட்டுப் பட்டம் தர்ற தனியார் கல்லூரியைப் பாருங்க" என்று கையோடு ஒரு துண்டுப்பிரசுரத்தையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அக்கா அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். அன்றிலிருந்து ஒரு மாதம் நான் படித்ததையும் விசாரித்ததையும் இங்கே எழுதுகிறேன், இதே நிலைமையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

முதலில் கணக்கைச் சரியாகப் போடுங்கள். பழைய 90 புள்ளி முறை இப்போது கிடையாது. 2026 சேர்க்கையிலிருந்து மொத்தம் 70 புள்ளிதான்: மூன்று எச்2 பாடங்களுக்குத் தலா 20, ஜிபிக்கு 10. எச்2வில் பி என்றால் 17.5, சி 15, டி 12.5, பாதி அளவுப் பாடமான எச்1இல் எல்லாம் அதில் பாதி. ப்ராஜெக்ட் வொர்க் என்ற குழுச் செயல்திட்டப் பாடத்தில் தேர்ச்சி பெற்றால் போதும், அது புள்ளியில் சேராது. நான்காவது பாடமும் தாய்மொழியும் உங்கள் புள்ளியை உயர்த்தினால் மட்டுமே சேரும், குறைக்கும் என்றால் விட்டுவிடுவார்கள்.

எங்கள் பையனுக்கு 17.5, 15, 12.5, ஜிபிக்கு 7.5, ஆக மொத்தம் 52.5. இதில் எல்லாரும் மறந்துபோன ஒன்று, ஜேசி (ஏ-லெவலுக்குப் படிக்கும் தொடக்கக் கல்லூரி) முதல் வருஷத்திலேயே அவன் எழுதி முடித்த எச்1 தமிழ். அதில் ஏ. அந்தப் 10 புள்ளியைச் சேர்த்தால் 80க்கு 62.5, அதை 70க்கு மாற்றினால் கிட்டத்தட்ட 54.7. இரண்டு புள்ளிக்கு மேல் ஏறிவிட்டது! "தமிழ் படித்து என்ன ஆகப்போகிறது" என்று இரண்டு வருஷம் முணுமுணுத்த மச்சான் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

அடுத்து அந்தப் பட்டியல். பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் மதிப்பெண் பட்டியலில் ஒவ்வொரு படிப்புக்கும் எதிரே இரண்டு தரம் போட்டிருக்கும். கீழே இருப்பதைத்தான் எல்லாரும் கட்-ஆஃப் என்கிறார்கள், அது கட்-ஆஃப் இல்லை. இடம் கிடைத்தவர்களை வரிசையாக நிற்க வைத்தால் கீழிருந்து பத்தாவது விழுக்காட்டில் நிற்பவரின் தரம் அது. அப்படியென்றால் இடம் கிடைத்தவர்களில் பத்தில் ஒருவர் அதற்கும் கீழே நிற்கிறார். அந்த ஒருவர் எப்படி உள்ளே போனார் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. இன்னொன்று, பொறியியல் என்பது ஒரே படிப்பு இல்லை, கணினிப் பொறியியலுக்கு இருக்கும் நெருக்கடி கட்டடப் பொறியியலுக்கோ மூலப்பொருள் பொறியியலுக்கோ இருக்காது, அதனால் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

அந்த ஒருவர் உள்ளே போக இருக்கும் வழிகளில் முக்கியமானதுதான் திறன் அடிப்படைச் சேர்க்கை. என்யுஎஸ், என்டியு, எஸ்எம்யு மூன்று பல்கலைக்கழகங்களிலும் முன்பு பத்து விழுக்காடு இடங்கள் இதற்கென்று இருந்தன, 2017இல் அதை 15 விழுக்காடு வரை உயர்த்துவதாக அறிவித்தார்கள். மதிப்பெண் கொஞ்சம் குறைந்தாலும் அந்தக் குறிப்பிட்ட துறையில் ஆர்வமும் திறமையும் இருக்கிறது என்று காட்டினால், நேர்முகம் வைத்துப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். கொஞ்சம் என்பதைக் கவனியுங்கள். கணக்குப் பாடத்தில் தேர்ச்சி போன்ற அடிப்படைத் தகுதியை இது தள்ளுபடி செய்யாது. எச்2 கணக்கே எடுக்காத பிள்ளைக்கு எத்தனை பதக்கம் இருந்தாலும் கஷ்டம்தான்.

விண்ணப்பத்திலேயே இதற்கென்று சாதனைகள், சிறு கட்டுரை என்று பகுதிகள் இருக்கும். மதிப்பெண் நன்றாக இருப்பவர்கள் அதைக் காலியாக விட்டுவிடலாம், நம் பிள்ளைகள் விடக்கூடாது. ஆனால் அதில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். எங்கள் பையன் முதலில் எழுதியதைப் படித்தேன்: "சிறு வயது முதலே எனக்குப் பொறியியலில் தீராத ஆர்வம்" என்று ஆரம்பித்து, தீபாவளிக் கலைநிகழ்ச்சியில் தொண்டூழியம், மூன்று வருஷம் பூப்பந்து, வகுப்புத் துணைத்தலைவர் என்று போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் நல்ல விஷயம்தான், ஆனால் இயந்திரப் பொறியியலுக்கும் பூப்பந்துக்கும் என்னடா சம்பந்தம்?

சரி, நீயாக ஏதாவது செய்திருக்கிறாயா என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். வீட்டு வாசல் தாழ்வாரத்தில் பாட்டி வைத்திருக்கும் செடிகளுக்குத் தானாகத் தண்ணீர் போக, சிம் லிம் டவரில் ஒரு குட்டி பம்ப்பும் மண் ஈரம் பார்க்கும் சென்சாரும் வாங்கி இணைத்திருக்கிறான். இரண்டு வாரம் நன்றாக ஓடியது, அப்புறம் சென்சாரின் உலோக முனை அரித்துப்போய், ஈர மண்ணையே காய்ந்த மண் என்று காட்ட, பம்ப் ராத்திரி முழுக்க ஓடி கறிவேப்பிலைச் செடி அழுகிவிட்டது. பாட்டி ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பிறகு அவன் சென்சாருக்கு எப்போதும் மின்சாரம் போகாமல், அரை மணிக்கு ஒருமுறை மட்டும் போய் அளக்கும்படி மாற்றினான், பம்ப் ஒரு தடவைக்கு இருபது விநாடிக்கு மேல் ஓடாதபடியும் வைத்தான். இதை ஏன் எழுதவில்லை என்றால், "அது கெட்டுப்போச்சே சித்தி" என்கிறான்.

கெட்டுப்போனதைத்தான் எழுதச் சொன்னேன். அழுகிய செடியின் படம் உட்பட. பிறகு நேர்முகத்தில் கிட்டத்தட்ட பாதி நேரம் அந்த சென்சார் ஏன் அரித்தது என்பதிலேயே போனதாம், பூப்பந்து பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

எஸ்யுடிடி, எஸ்ஐடி பல்கலைக்கழகங்கள் இரண்டும் தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் வேறு மாதிரி. சாங்கி பக்கம் இருக்கும் எஸ்யுடிடியில் விண்ணப்பிக்கும்போது துறையைத் தேர்வு செய்ய வேண்டாம், முதல் மூன்று பருவங்கள் எல்லாருக்கும் பொது, அதன் பிறகுதான் பிரிவார்கள். பொங்கோலில் இருக்கும் எஸ்ஐடியில் படிப்போடு மாதக்கணக்கில் வேலையிடப் பயிற்சி உண்டு. கையால் வேலை செய்து கற்கும் பிள்ளைகளுக்கு அது பொருந்தும், அதை இரண்டாம் தரம் என்று நினைக்கும் பழக்கம் நம் உறவினர்களிடம்தான் இருக்கிறது, வேலை கொடுப்பவர்களிடம் நான் பார்த்ததில்லை.

பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி, பலருக்கு இன்னும் தெரியாது. 2020 சேர்க்கையிலிருந்து உயர்நிலைப்பள்ளி முடிவில் எழுதும் ஓ-லெவல் தேர்வின் மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் பார்ப்பதில்லை. முன்பு அதற்கு 20 விழுக்காடு எடை இருந்தது. பதினாறு வயதில் சறுக்கியது இப்போது பின்னாலேயே துரத்தாது, டிப்ளோமாவின் சராசரித் தரப்புள்ளியான ஜிபிஏதான் பேசும். இறுதியாண்டு ப்ராஜெக்ட், வேலைப் பயிற்சியில் செய்தது எல்லாம் அந்தத் திறன் பகுதிக்கே அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். பாலிடெக்னிக் சேர்வதற்கே இதே பாணியில் இஏஇ என்ற முன்கூட்டிய சேர்க்கை உண்டு, ஓ-லெவல் எழுதுவதற்கு முன்பே விண்ணப்பிக்கலாம்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் குடிமக்களுக்கு மானியம் போகப் பொறியியலுக்கு ஆண்டுக்கு 8,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் ஆகும், அதில் 90 விழுக்காடு வரை படிப்புக் கட்டணக் கடன் எடுக்கலாம், படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. நிரந்தரவாசிகளும் வெளிநாட்டு மாணவர்களும் மானியம் வாங்கினால் படிப்பு முடிந்து மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய ஒப்பந்தம் போட வேண்டும், கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள். சிபிஎஸ்இ பிளஸ் டூ முடித்து விண்ணப்பிப்பவர்களுக்குத் தேதியும் விதியும் வேறு, மேலே சொன்ன 70 புள்ளிக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

இடம் இல்லை என்று வந்தாலும் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் "குடும்பக் கஷ்டம், கருணை காட்டுங்கள்" என்று மட்டும் எழுதினால் படிப்பவர் என்னதான் செய்வார்? முதல் விண்ணப்பத்தில் இல்லாத புதிய விவரம் ஏதாவது வேண்டும். அப்புறம், ஒன்றுக்கு மேற்பட்ட இடம் கிடைத்தாலும் ஒன்றைத்தான் ஏற்க முடியும், பல்கலைக்கழகங்கள் அதைப் பொதுத் தளத்தில் சேர்ந்தே பார்க்கின்றன.

கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவை செய்யும் பையன்களுக்கு இன்னொரு வசதி. இப்போதே விண்ணப்பித்துக் கிடைத்த இடத்தைச் சேவை முடியும்வரை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் அதே ஏ-லெவல் முடிவோடு அடுத்த வருஷமும் விண்ணப்பிக்கலாம், இடையில் செய்ததை எல்லாம் சேர்த்து எழுதி.

எங்கள் பையனுக்கு ஓர் இடத்தில் இல்லை என்றார்கள், இன்னோர் இடத்தில் கிடைத்தது. இப்போது தேசிய சேவைப் பயிற்சிக்காகத் தெக்கோங் தீவில் இருக்கிறான். புதுக் கறிவேப்பிலைச் செடிக்குப் பாட்டிதான் தண்ணீர் ஊற்றுகிறார், பம்ப்பைத் தொடக்கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் உத்தரவு.