மாடல் ரயில் எஞ்சினின் புகையில் நெடி எங்கிருந்து வருகிறது?

மாடல் ரயில் எஞ்சினின் புகைபோக்கியிலிருந்து வெண்மையாகச் சுருண்டு எழுவதை நாம் புகை என்று அழைத்தாலும், அது எதுவும் எரிந்து உண்டானதன்று. சூடேறி ஆவியான எண்ணெய் வெளிக்காற்றில் குளிர்ந்து மீண்டும் நுண்துளிகளாகத் திரள்வதையே நாம் காண்கிறோம். சரியான திரவமும் சரியான சூடும் அமைந்த எஞ்சினில் இந்த வெண்மூட்டத்துக்கு ஏறக்குறைய மணமே இராது. கண் எரிந்து தொண்டை கமறும் அளவுக்கு நெடி எழுகிறதென்றால், உள்ளே இருக்கும் எண்ணெய் ஆவியாவதோடு நிற்காமல் சிதையவும் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நெடியை வேறொரு வாசனையால் மூட முயல்வதைவிட, சிதைவு எங்கே, எதனால் நடக்கிறது என்று கண்டறிந்து நிறுத்துவதே உருப்படியான வழி.

இந்தத் தொல்லைக்கு வயது அதிகம். அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1946-இல், பென்சில்வேனியா ரயில்வேயின் எஸ்-2 நீராவிச் சுழலி எஞ்சினை மாதிரியாகக் கொண்டு செய்த 671, 2020 என்னும் எஞ்சின்களில் புகைவிடும் அமைப்பைப் பொருத்தியது. முகப்பு விளக்கின் பல்பிலேயே மேற்புறம் ஒரு சிறு குழி இருக்கும். புகைபோக்கி வழியாகப் போடும் மாத்திரை அந்தக் குழியில் விழுந்து, பல்பின் சூட்டில் உருகிப் புகைவிடும். அந்த மாத்திரை அம்மோனியம் நைட்ரேட் என்னும் உப்பால் ஆனது. ஏறக்குறைய 170 டிகிரி செல்சியஸில் உருகும் இந்த உப்பு, மேலும் சூடேறினால் சிதைந்து வாயுக்களை வெளிவிடுவதோடு, ஈரம் உறிஞ்சி அருகிலுள்ள துத்தநாகக் கலவை உலோகத்தையும் அரிக்கும். மறு ஆண்டே அந்த ஏற்பாடு கைவிடப்பட்டு, நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பிச் சுருளைக் கொண்ட தனிச் சூடேற்றியும் வேறுவகை மாத்திரையும் வந்தன. ஏ.சி. கில்பர்ட் நிறுவனத்தின் அமெரிக்கன் ஃபிளையர் ரயில்கள் மாத்திரைக்குப் பதிலாகத் திரவத்தைப் பயன்படுத்தின. இன்று எங்கும் நிலைத்திருப்பது திரவ முறையே.

புகைத்திரவங்களில் பெரும்பாலானவற்றின் அடிப்படை, நன்கு சுத்திகரித்த கனிம எண்ணெய். கரியணுக்களும் ஹைட்ரஜன் அணுக்களும் மட்டும் சங்கிலியாகக் கோத்த ஆல்கேன் மூலக்கூறுகளே அதில் மிகுதி. 12 கரியணுக்கள் கொண்ட டோடெக்கேன் 216 டிகிரியிலும், 16 கரியணுக்கள் கொண்ட ஹெக்சாடெக்கேன் 287 டிகிரியிலும் கொதிக்கின்றன. சூடான கம்பியை ஒட்டிய திரவம் ஆவியாகிப் புகைபோக்கிக்கு வரும்போது, அறைக்காற்றால் தாங்கிக்கொள்ள முடியாத செறிவில் அந்த ஆவி இருக்கும். அதனால் கணப்பொழுதில் அது துளிகளாகத் திரள்கிறது. துளிகளின் அளவு ஒளியின் அலைநீளத்தை ஒத்தோ சற்றுப் பெரிதாகவோ இருப்பதால், எல்லா நிற ஒளியும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சிதறி, மூட்டம் வெள்ளையாகத் தெரிகிறது. இந்த மாற்றம் முழுவதிலும் மூலக்கூறுகள் உடையவே இல்லை. உள்ளே ஊற்றிய அதே எண்ணெய்தான் வெளியேயும் மிதக்கிறது.

நெடி பிறப்பது மூலக்கூறு உடையும்போதுதான். சூடான எண்ணெயோடு காற்றிலுள்ள ஆக்சிஜன் சேரும்போது முதலில் நிலையற்ற பெராக்சைடுகள் உண்டாகி, பின்பு அவை ஆல்டிஹைடுகளாகவும் கீட்டோன்களாகவும் கரிம அமிலங்களாகவும் முறிகின்றன. ஆக்சிஜன் இல்லாவிட்டாலும்கூட, 400 டிகிரியைத் தாண்டினால் சங்கிலிகள் தாமாகவே துண்டாகின்றன. மனித மூக்கு இவற்றில் ஆல்டிஹைடுகளிடம் மிகக் கூர்மையாக இருக்கிறது. ஹெக்சனல், நோனனல் போன்றவை நூறு கோடிப் பங்கு காற்றில் சில பங்கு இருந்தாலே நமக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஊற்றிய எண்ணெயில் மிகச் சிறு பகுதி சிதைந்தாலும் அறை முழுவதும் நெடியடிக்கும். வாணலியில் எண்ணெய் அளவுமீறிக் காய்ந்தால் எழும் கமறலுக்குக் காரணமான அக்ரோலீன், இந்த ஆல்டிஹைடுக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தாவர எண்ணெயிலும் கிளிசரினிலும் அது எளிதாக உண்டாகும் என்பதால், அவை இரண்டையும் மாடல் எஞ்சினுக்குள் ஊற்றவே கூடாது.

அப்படியானால் ஒரே சூடேற்றி சில வேளை மணமில்லாத மூட்டத்தையும் சில வேளை பொறுக்க முடியாத நெடியையும் தருவது ஏன்? விடை திரியின் ஈரத்தில் இருக்கிறது. கம்பியைச் சுற்றியுள்ள திரி நனைந்திருக்கும் வரை, கம்பி தரும் வெப்பம் முழுவதையும் திரவம் ஆவியாவதற்கு எடுத்துக்கொள்கிறது. கொதிக்கும் திரவம் தன் கொதிநிலைக்கு மேல் சூடேற மறுப்பதால், கம்பியின் பரப்பும் அதற்குச் சற்று மேலேயே நின்றுவிடும். திரி உலர்ந்த கணத்தில் இந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடுகிறது. மின்சாரம் அதே அளவில் பாய, வெப்பம் போகும் வழி மட்டும் அடைபட்டதால், கம்பியின் சூடு சில நொடிகளிலேயே பல நூறு டிகிரிக்கு ஏறும். பஞ்சுத் திரியாக இருந்தால் அது 300 டிகிரியை நெருங்கும்போது கருகும். கண்ணாடி நாரால் ஆன திரி கருகாது என்றாலும், அதில் எஞ்சியிருக்கும் எண்ணெய் தார்போலப் படிந்து கரியாகும். ஒருமுறை கரி படிந்த திரி அதற்குப் பின் திரவத்தைச் சரியாக உறிஞ்சுவதில்லை. அதனால் கம்பியை ஒட்டிய இடம் அடுத்த முறை இன்னும் விரைவாக உலர்கிறது. நெடி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவதாகத் தோன்றுவதற்கு இந்தச் சுழற்சியே முதன்மைக் காரணம் என்பது என் கருத்து.

இரண்டாவது காரணம் திரவத்துக்குள்ளேயே இருக்கிறது. புகைத்திரவம் ஒற்றைப் பொருளன்று. வெவ்வேறு கொதிநிலை கொண்ட மூலக்கூறுகளின் கலவை அது. எஞ்சின் ஓட ஓட இலேசானவை முதலில் ஆவியாகிவிட, கனமானவை திரியில் தங்கிவிடுகின்றன. அதன்மேல் புதிய திரவத்தை ஊற்றிக்கொண்டே போனால் அடியில் தங்கும் கனமான பகுதி சேர்ந்துகொண்டே வரும். அவற்றை ஆவியாக்கத் தேவைப்படும் சூடு, அவை சிதையும் சூட்டுக்கு நெருக்கமானது. மலிவான திரவங்களில் கொதிநிலை வீச்சு அகலமாக இருப்பதால் இந்த மிச்சம் மிகுதி. மண்ணெண்ணெய் ஊற்றுவோருக்கு நேர்வது வேறு. அதில் கந்தகச் சேர்மங்களும், கரியணுக்கள் வளையமாகக் கோத்த அரோமாட்டிக் சேர்மங்களும் கலந்திருப்பதால் சிதையாமலே நாறும். எளிதில் தீப்பற்றும் ஆவியையும் அது தரும். மேடை நாடகங்களில் மூட்டம் எழுப்பப் பயன்படும் திரவமோ நீரும் கிளைக்கால் என்னும் ஆல்கஹால் வகைத் திரவமும் கலந்தது. அது மின்பகுதிகளை அரிப்பதற்கும் பிசுபிசுப்பாகப் படிவதற்கும் தான் உதவும்.

மூன்றாவதாக மின்னழுத்தத்தைச் சொல்ல வேண்டும். மாறாத மின்தடையில் உண்டாகும் வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு, அதாவது வர்க்கத்துக்கு, ஏற்ப உயர்கிறது. தண்டவாள மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை ஆளும் பழைய அமைப்பில், 12 வோல்ட்டிலிருந்து 18 வோல்ட்டுக்குப் போனால் சூடேற்றியின் வெப்பம் ஒன்றரை மடங்காக அல்ல, இரண்டேகால் மடங்காகப் பெருகும். அதிகப் பெட்டிகளை இழுத்து மேட்டில் ஏறும் எஞ்சின் மட்டும் நெடியடிப்பதற்கு இது காரணம். பழைய லயனல் எஞ்சின்களில் சக்கரத்தோடு இணைந்த சிறு உந்துதண்டு காற்றைத் தள்ளிப் புகையைக் குபுகுபுவென வெளியேற்றும். எஞ்சின் நின்றால் உந்துதண்டும் நிற்கும், ஆனால் தண்டவாளத்தில் மின்சாரம் இருக்கும் வரை கம்பி சூடாகவே இருக்கும். வெளியேற வழியின்றி எஞ்சினின் புகையறைக்குள் தேங்கிய ஆவி மீண்டும் மீண்டும் சூடேறிச் சிதைகிறது. நிலையத்தில் நெடுநேரம் நிறுத்திவைக்கும் பழக்கமுள்ளவர்கள் அப்போது புகைச் சுவிட்சை அணைத்துவிடுவது நல்லது. சிறு மின்விசிறி கொண்ட புதிய எஞ்சின்களில் இந்தத் தேக்கம் குறைவு.

ஜெர்மனியின் சோய்தே நிறுவனம் செய்யும் குழாய் வகைப் புகையாக்கிகள் தனியே கவனிக்கத் தக்கவை. மார்க்லின் முதலான 1:87 அளவு எஞ்சின்களின் புகைபோக்கிக்குள்ளேயே அடங்கிவிடும் இவற்றில், நடுவே ஒரு நுண்குழாய் நிற்கிறது. அதனுள் ஏறும் எண்ணெயைச் சூடேற்றும் கம்பி கொதிக்கவைக்க, குமிழிகள் ஆவியையும் துளிகளையும் மேலே தள்ளுகின்றன. அளவுக்கு மேல் நிரப்பினால் ஆவி வெளிவர இடமின்றிப் புகையே எழாது. சூடான எண்ணெய்தான் வாய்வழியாகத் தெறிக்கும். தெறித்த எண்ணெய் எஞ்சினின் பிளாஸ்டிக் மேலுறையில் ஊறி நெடுநாள் வாடை வீசும். மிகுதியைச் சிறு ஊசிகுழாயால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். நுண்குழாயில் கரி அடைத்துவிட்டால் கம்பியை விட்டுக் குத்தாமல் புதிய புகையாக்கியை மாற்றுவதே மேல், ஏனெனில் உள்ளிருக்கும் கம்பி மிக மெல்லியது.

விசிறி வகைப் புகை அலகுகளைச் சீராக்க, அவற்றைத் திறந்து திரியை எடுத்துப் பார்க்க வேண்டும். பழுப்பாகவோ கறுப்பாகவோ விறைத்துப்போன திரியைக் கழுவிப் பயனில்லை, எறிந்துவிடலாம். புகையறையின் சுவரிலும், சூடேற்றும் கம்பியான மின்தடையின் மேலும் படிந்த அரக்குப் போன்ற படலம் ஆக்சிஜன் சேர்ந்த பொருள் என்பதால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்தால் பெரும்பாலும் இளகி வந்துவிடும். அந்த ஆல்கஹால் முழுவதும் உலர்ந்த பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும், அதன் ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பற்றக் கூடியது. புதுத் திரிக்குப் பசை சேராத கண்ணாடி நார்க் கயிறு ஏற்றது. கட்டடக் காப்புக்கு விற்கும் கண்ணாடிப் பஞ்சில் நார்களைப் பிணைக்கும் பிசின் இருப்பதால், அதுவே சூட்டில் நெடியடிக்கும். திரி மின்தடையைத் தழுவியிருக்க வேண்டும், ஆனால் காற்றுப் போகும் துளையை அடைக்கும்படி திணித்திருக்கக் கூடாது. மிகப் பழைய அலகுகளின் உறையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்புண்டு. அத்தகையவற்றை உலர்ந்த நிலையில் சுரண்டுவதோ ஊதுவதோ நுரையீரலுக்குக் கேடு என்பதால், அவற்றைத் தொடாமல் அலகையே மாற்றிவிடுவது அறிவுடைமை.

புதுத் திரியை முதலில் 15 முதல் 20 சொட்டுத் திரவத்தால் நனைத்து, புகைபோக்கியில் மெல்ல ஊதிக் காற்றுக் குமிழிகளை நீக்கி, சில நிமிடம் ஊறவிட்ட பின்பே ஓட்ட வேண்டும். புகை மெலிவதே திரி உலரப்போவதன் முன்னறிவிப்பு. அப்போதே சில சொட்டுகள் சேர்ப்பதும், திரவம் கையில் இல்லையென்றால் சுவிட்சை அணைத்துவிடுவதும் நெடியைத் தடுக்க நாம் செய்யக்கூடியவற்றில் மிகப் பயனுள்ளவை. மணமூட்டிய திரவங்களை நான் பரிந்துரைப்பதில்லை. தேவதாரு, வனிலா போன்ற மணங்களைத் தரும் மூலக்கூறுகள் அடிப்படை எண்ணெயைவிட எளிதாகச் சிதையக் கூடியவை. திரி சற்று உலர்ந்தாலும் முதலில் கெடுவது அந்த மணம்தான்.

எல்லா வாடையும் புகைத்திரவத்தால் வருவதன்று. மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்தூரிகைகள் பொறி தட்டும்போது ஓசோன் உண்டாகும். அதன் கூரிய மணம் தூரிகைகளையும் அவை உரசும் சுழல்முனையையும் சுத்தம் செய்யச் சொல்கிறது. மீன்வாடை போன்றோ எரிந்த வண்ணப்பூச்சுப் போன்றோ ஒரு நெடி வந்தால், கம்பியின் காப்புப் பூச்சோ பிளாஸ்டிக்கோ வெந்துகொண்டிருக்கலாம். உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்.

அறையில் தங்கிவிட்ட வாடைக்கு இரு வேறு வழிகள் தேவைப்படுகின்றன, ஏனெனில் காற்றில் துளிகளும் ஆவியும் ஒருங்கே இருக்கின்றன. 0.3 மைக்ரோமீட்டர் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி துளிகளை நிறுத்தும், ஆனால் ஆவி அதன் வழியே நழுவிவிடும். ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு உட்பரப்புக் கொண்ட செயலூட்டிய கரி, பெரிய மூலக்கூறுகளை நன்கு பற்றிக்கொள்ளும். அக்ரோலீன் போன்ற சிறு மூலக்கூறுகளை அவ்வளவாகப் பற்றாது, அவற்றுக்குச் சன்னலைத் திறப்பதே மருந்து. சமையல் சோடா அமில வாடைகளை உப்பாக மாற்றி அடக்கும், ஆல்டிஹைடுகளை ஒன்றும் செய்யாது. துளிகள் இறுதியில் தண்டவாளத்தின் மேல் எண்ணெய்ப் படலமாகப் படிவதால், அதைத் துடைத்து வைத்தால்தான் சக்கரங்கள் பொறி தட்டாமல் ஓடும், ஓசோனும் குறையும். இவற்றையெல்லாம் செய்தபின் வாடை போய்விட்டதா என்று, அதே அறையில் இருந்தவர் தம் மூக்கைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. ஒரே மணத்தைத் தொடர்ந்து முகரும் மூக்கு சில நிமிடங்களில் அதை உணர்வதை நிறுத்திவிடுவதால், வெளியிலிருந்து வந்து கதவைத் திறக்கும் ஒருவரைக் கேட்டு அறிவதே நம்பத்தக்கது.