பத்தமடைப் பாய்க்கு நடக்கும் ஏலம்

மணமக்கள் பெயர் நெய்த பட்டுப்பாய் வேண்டுமென்றால் அம்பாசமுத்திரத்துக்காரர் பத்தமடைக்கே நேரில் போய்விடுவார். பெங்களூருவில் இருக்கும் அவர் தம்பி கைபேசியில் "பத்தமடை பாய்" என்று தட்டுவார். முடிவுகள் திரையில் வருவதற்குள் ஓர் ஏலமே நடந்து முடிந்திருக்கும்.

பக்கத்தின் உச்சியில் இருக்கும் விளம்பர இடங்களுக்கான ஏலம் அது. அதிகம் கேட்டவருக்கே இடம் என்று நினைத்தால் தப்பு. கூகுள் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு தரமதிப்பும் போடும். எளிமையாக்கிச் சொன்னால் இப்படி: பத்தமடை நெசவாளர் குழு ஒன்று ஒரு கிளிக்குக்கு 15 ரூபாய் தருகிறேன் என்கிறது, அதன் தரம் 4. பெருக்கினால் 60. நகரத்துப் பெரிய வியாபாரி 10 ரூபாய்தான் சொல்கிறார், ஆனால் தரம் 8. பெருக்கினால் 80, முதலிடம் அவருக்கு. அந்த 10 ரூபாயையும் அவர் முழுதாகக் கட்ட வேண்டாம். குழுவின் 60-ஐத் தாண்ட ஏழரை ரூபாய்க்குச் சற்று மேலே போதும்.

கோரையை எவ்வளவு மெல்லிசாகக் கிழித்தார்கள் என்பதற்கும் இந்தத் தரத்துக்கும் சம்பந்தமில்லை. பார்ப்பவர் கிளிக் செய்வாரா என்ற கணிப்புக்குத்தான் அதில் பெரிய பங்கு. கணிப்புக்குத் தீனி, பழைய கிளிக்குகள். காசு வாங்காமல் காட்டும் முடிவுகளும் அதே தீனியில்தான் தேறுகின்றன. நடிகர் பெயரைத் தேடினால் எந்தத் தேடுபொறியும் சமாளித்துவிடும். பத்தமடைப் பாய் மாதிரி எப்போதோ ஒருவர் தேடும் விஷயத்தில்தான் கிளிக் குறைவாக உள்ள சின்னத் தேடுபொறி திணறும்.

சரி, போட்டியாளரும் கிளிக் சேர்க்கலாமே? வாசலிலேயே அடைப்பு. போன்களிலும் பிரவுசர்களிலும் முன்கூட்டியே அமைந்த தேடுபொறியாக இருப்பதற்காக, 2021-ல் மட்டும் கூகுள் கொடுத்தது 2,630 கோடி டாலர். அமைப்பை மாற்ற யார் மெனக்கெடுகிறார்கள்? இது சட்டவிரோத ஏகபோகம் என்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். போட்டிக்குப் பயப்படாமல் விளம்பர விலையை ஏற்ற கூகுளால் முடிந்தது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. இந்தியப் போட்டி ஆணையமும் ஆண்ட்ராய்டு வழக்கில் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அந்த நிறுவனத்துக்கு அது பெரிய தொகையில்லை.

2025 செப்டம்பரில் மேத்தா பரிகாரம் சொன்னார். கூகுள் தன் குரோம் பிரவுசரை விற்க வேண்டாம். வேறு தேடுபொறிக்கு இடம் தராத ஒப்பந்தங்கள் கூடாது. தேடல் தகவலில் ஒரு பகுதியைத் தகுதியுள்ள போட்டியாளர்களோடு பகிர வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது கடைசி உத்தரவுதான், தீனியில் கைவைப்பது அது ஒன்றே. முன்கூட்டியே அமைந்த தேடுபொறியாக இருக்கக் காசு கொடுப்பதை அவர் தடுக்கவில்லை.