புள்ளி நாயும் போர் தண்ணீரும்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் யாருக்குக் கல்லடைப்பு வந்தாலும் முதலில் திட்டு வாங்குவது போர்வெல் தண்ணீர்தான். பக்கத்து வீட்டு டால்மேஷன் இனப் புள்ளி நாய் சொட்டுச் சொட்டாக, ரத்தம் கலந்து சிறுநீர் விட்டபோதும் அதையேதான் சொன்னோம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஸ்கேனில் பார்த்தால் சிறுநீர்ப்பை நிறைய மணல்மணலாகக் கற்கள். யூரிக் அமிலத்தால் வரும் இந்த யூரேட் கற்கள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது.

தண்ணீர் மேல் தப்பில்லை. பியூரின் என்ற பொருள் உடம்பில் சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. மற்ற பெரும்பாலான நாய்களில் அது கல்லீரல் செல்லுக்குள் போய், யூரிகேஸ் என்ற நொதியால் அலன்டாயினாக மாறும். அலன்டாயின் நீரில் நன்றாகக் கரைந்து வெளியேறிவிடும். டால்மேஷன் கல்லீரலிலும் அந்த நொதி நன்றாகவே இருக்கிறது. யூரிக் அமிலத்தை உள்ளே கொண்டுவிடும் புரதம்தான் பழுது. அரிசி மில் ஓடுகிறது, நெல் மூட்டையை உள்ளே இறக்க ஆளில்லை என்று வையுங்கள். சிறுநீரகத்திலும் அதே புரதம்தான் யூரிக் அமிலத்தைத் திரும்ப உறிஞ்ச உதவ வேண்டும். அங்கேயும் பழுது என்பதால் எல்லாம் சிறுநீரில் கொட்டுகிறது.

எஸ்எல்சி2ஏ9 என்ற மரபணுவில் உள்ள இந்தப் பிழையை 2008இல் கண்டுபிடித்தார்கள். தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் குறை வெளிப்படும். புள்ளி அழகுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில்தான் போலும், கலப்பில்லாத டால்மேஷன் எல்லாவற்றிலும் இரண்டு பிரதியும் பழுதாகிவிட்டது. எனக்கு இது பெரிய வருத்தம். 1973இல் அமெரிக்காவில் ஒரு பாயின்டர் நாயோடு ஒரே ஒருமுறை கலந்து, பிறகு டால்மேஷன்களோடே சேர்த்து, நல்ல மரபணுவை மீட்டார்கள். அந்த வழி வந்த நாய்களுக்கும் புள்ளி இருக்கிறது.

குறை இருக்கிற எல்லா நாய்க்கும் கல் வருவதில்லை. ஆணுக்குத்தான் ஆபத்து அதிகம். அதன் குறிக்குள் ஒரு எலும்பு உண்டு. அந்த இடத்தில் சிறுநீர்க் குழாய் குறுகுவதால் கல் சிக்கிக்கொள்ளும். சிறுநீர் அடியோடு நின்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து.

அப்புறம், தீனி. பாசத்தில் போடும் கோழி ஈரல், மத்தி மீன் இரண்டிலும் பியூரின் ஏராளம். யூரிக் அமிலம் உண்டாவதைக் குறைக்கும் அல்லோபியூரினால் என்ற மாத்திரை உதவும். ஆனால் பியூரின் உள்ள தீனியைக் குறைக்காமல் கொடுத்தால் சாந்தைன் என்ற வேறு கல் உருவாகலாம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சோற்றிலும் தண்ணீரைக் கூட்டிப் பிசைந்து வைக்கலாம். இத்தனை நாள் திட்டிய தண்ணீர்தான் இங்கே பாதி வைத்தியம்.

மீன் வண்டி ஹாரன் கேட்டால் அந்த நாய் இன்னும் கேட்டுக்கு ஓடுகிறது. மத்தித் தலை மட்டும் இப்போது எங்கள் நாட்டு நாய்க்கு வருகிறது.