சிகரட்டை விட்டால் குளிசை ஏன் கூடுதலாக வேலை செய்கிறது?

"என் தம்பி பல வருடமாக மனநோய்க்கு ஒலன்சபின் என்ற குளிசை எடுக்கிறான். போன மாதம் சிகரட்டை விட்டுவிட்டான், எங்களுக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் இரண்டாவது வாரத்திலிருந்து பகலெல்லாம் தூக்கம், எழும்பினால் தலைசுற்று. பாமசியில் வேறு கம்பனிக் குளிசையைத் தந்துவிட்டார்களா?" என்று வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வீட்டில் பெரியம்மா இது செய்வினைதான் என்று சொல்லி, நூல் கட்ட ஆள் தேடுகிறாராம்.

தம்பியை டொக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் குளிசை மாறாமலே இப்படி நடக்கலாம். மாறியிருப்பது அவருடைய ஈரலாக இருக்கலாம்.

இந்த வகை மருந்துகள் மூளையில் டோபமின் என்ற இரசாயனத் தூதை வாங்கும் ஏற்பிகளை மறிக்கின்றன. குறைவாக மறித்தால் பலனில்லை, கூடினால் கை கால் இறுகும், நடுக்கம் வரும். ஒலன்சபின் போன்றவற்றில் பலருக்கு 65 முதல் 80 சதவீதம் வரை மறிபடுவது போதும். சரி, இது பலருக்கும் தெரிந்த பாடம். விழுங்கிய மருந்தை ஈரல் எவ்வளவு வேகமாக அழிக்கிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

ஒலன்சபினையும், அதே வகையைச் சேர்ந்த குளோசபினையும் அழிப்பதில் முக்கிய பங்கு ஈரலில் இருக்கும் சிப்-1ஏ2 (CYP1A2) என்ற நொதியத்துக்கு. சிகரட் எரியும்போது பென்சோபைரீன் போன்ற வளைய வடிவ மூலக்கூறுகள் உண்டாகின்றன. ஈரல் கலத்துக்குள் ஒரு புரதம் வேறு சில புரதங்களின் பிடியில் சும்மா கிடக்கும். அந்த வளையம் வந்து அதில் பொருந்தியதும் பிடி விடுகிறது. புரதம் நேரே கலத்தின் கருவுக்குள் போகிறது, அங்கே ஒரு கூட்டாளியோடு சேர்ந்து டீஎன்ஏயில் குறிப்பிட்ட இடத்தில் உட்காருகிறது, சிப்-1ஏ2ஐச் செய்யும் பரம்பரை அலகை முடுக்கிவிடுகிறது. நொதியம் பெருகுகிறது. எரிந்த பொருள் உடம்புக்குள் வந்துவிட்டது, அதை அப்புறப்படுத்து என்பதுதான் கட்டளை. ஆடிவேல் நாட்களுக்கென்று கூடுதல் குப்பை லொறி விட்டால், அது வாசலில் வைத்த நல்ல சாமானையும் அள்ளிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? குளிசைக்கு அந்தக் கதிதான். புகைப்பவரின் இரத்தத்தில் குளோசபின் ஏறத்தாழப் பாதியளவே நிற்கும். டொக்டர் அதைப் பார்த்து, புகையையும் சேர்த்தேதான் அளவைப் பிடித்திருப்பார்.

இங்கே நிக்கொட்டினுக்கு வேலையே இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எல்லாம் எரிவதால் வருவது. யாழ்ப்பாணச் சுருட்டின் புகை இதைச் செய்யும். வெற்றிலையோடு சப்பும் புகையிலை செய்யாது (வாய்ப் புற்றுநோய் வேறு கணக்கு). நிக்கொட்டின் சுவிங்கமும் செய்யாது. ஆகவே சிகரட்டை விட்டு சுவிங்கத்துக்கு மாறியவருக்கும் இரத்தத்தில் மருந்தளவு ஏறும். இன்னொன்று: நாளுக்குப் பத்துச் சிகரட்டளவிலேயே முடுக்கம் உச்சத்தைத் தொட்டுவிடும். இருபதைப் பத்தாகக் குறைத்தவருக்குப் பெரிய மாற்றம் தெரியாமல் இருக்கும். பத்தைப் பூச்சியமாக்கும்போதுதான் விசயம் வெளியே வரும்.

வெளியே வருவதும் உடனே அல்ல. புகை நின்றதும் கூடுதல் நொதியம் சுமார் ஒன்றரை நாளுக்கு ஒருமுறை பாதியாகிறது, ஒரு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். ஒலன்சபினும் மெல்லக் கழிகிற மருந்து, பாதியாகவே 30 மணித்தியாலம் அளவில் எடுக்கும். ஆகவே தூக்கமும் தலைசுற்றும் வரும்போது சிகரட் விட்ட கதை பழசாகிவிடும். அந்த இடைவெளியில்தான் பெரியம்மாவின் செய்வினை வந்து உட்காருகிறது.

மறுபக்கம் இதைவிடக் கொடுமை. வார்டில் புகைக்க முடியாது. அங்கே பிடித்த அளவோடு வீட்டுக்கு வந்தவர் மறுபடி பற்றவைத்தால் மருந்து இறங்கும், சில வாரத்தில் குரல்கள் திரும்பக் கேட்கலாம். "நீ குளிசையைப் போடவில்லை" என்று வீடே அவர்மேல் பாயும். அவர் ஒழுங்காகப் போட்டிருப்பார். ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் புகைக்காமல் இருந்துவிட்டு, மாலை கழற்றியதும் கடையில் ஒற்றைச் சிகரட் வாங்கிப் பழையபடி புகைக்கத் தொடங்குகிறவருக்கும் இதே ஆபத்துண்டு. விரதத்தை நான் குறை சொல்லவில்லை. மாலை போடுமுன் கிளினிக்கில் சொல்லுங்கள் என்கிறேன்.

இதற்காக யாரும் புகைப்பதைத் தொடர வேண்டாம். விடப்போகும் திகதியை முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லி, கிளினிக் கொப்பியில் எழுதுவிக்க வேண்டும். குளோசபினை மூன்றில் ஒரு பங்கு, சிலருக்கு அதற்கும் மேல், படிப்படியாகக் குறைக்க வேண்டி வரும். அந்தக் கணக்கை வீட்டில் போடக் கூடாது, குளிசையைப் பாதியாக உடைக்கவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. குளோசபின் 48 மணித்தியாலத்துக்கு மேல் தவறினால் பழைய அளவில் மறுபடி தொடங்கவே கூடாது. டொக்டர் சிறு அளவிலிருந்து ஏற்ற வேண்டும். அதை எடுப்பவருக்குக் காய்ச்சல், தொண்டை நோ வந்தால் அன்றே காட்டுங்கள், அந்த மருந்தால் இரத்தத்தில் வெள்ளணு குறைந்திருக்கலாம். தொற்று வந்தாலே இந்த நொதியம் மந்தமாகி மருந்து ஏறும் என்பது இரண்டாவது காரணம். சிப்ரோஃபுளொக்சசின் என்ற அன்டிபயோட்டிக்கும் இதே நொதியத்தை மறிக்கிறது, யார் எழுதித் தந்தாலும் மற்றக் குளிசையின் பெயரைச் சொல்லிவிடுங்கள். எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, காய்ச்சலோடு உடல் விறைப்பு என்றால் கிளினிக் நாள்வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். யாரிடமாவது பேச வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926 இருக்கிறது. அது இருக்கும் ஊரின் பெயரால் அங்கொடை என்று பகிடி பண்ணியே அந்த வாசலை நாம் தூரமாக்கிவிட்டோம். ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் எடுப்பவர்களுக்குப் புகைக் கதை பெரிதாகப் பொருந்தாது, அவற்றை வேறு நொதியங்கள் கவனிக்கின்றன.

கோப்பியையும் அழிப்பது சிப்-1ஏ2தான். சிகரட் விட்டவருக்குப் பழைய அளவுக் கோப்பியே படபடப்பைத் தருவதற்கு இதுவும் ஒரு காரணம். தலைகீழாக, ஒருவருக்கு அளந்து கஃபீன் கொடுத்து, சில மணி நேரத்துக்குப் பின் உமிழ்நீரில் கஃபீன் எவ்வளவு, அது உடைந்து வரும் பராக்சாந்தின் எவ்வளவு என்று பார்த்தால் அவருடைய நொதியத்தின் வேகம் தெரிந்துவிடும். ஊசிகூட வேண்டாம். அவ்வப்போது சிகரட் வரியைக் கூட்டத் தெரிந்த அரசு, அதில் ஒரு சிறு துண்டை இந்தச் சோதனையை நம் கிளினிக்குகளில் செய்து பார்க்கும் ஆய்வுக்கு ஒதுக்கினால் நான் சந்தோஷமாகக் கை தட்டுவேன்.