இமயமலையின் வேகம் கடலடியில் கிடைத்த கதை

"இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது என்கிறீர்கள். ஜிபிஎஸ் வருமுன் அந்த வேகத்தை எப்படிக் கணக்கிட்டார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதற்கான பதிலில் தவிர்க்க முடியாத பெயர் சேவியர் லெ பிஷோன். பிரெஞ்சுப் புவியியலாளர், 1937இல் வியட்நாமில் பிறந்து, 2025 மார்ச்சில் மறைந்தவர்.

நடுக்கடல் மலைத்தொடர்களில் புதுப்பாறை உருவாகி இருபுறமும் விலகுகிறது, அதில் பதியும் காந்தப் பட்டைகள் (பூமியின் காந்தத் திசை மாறும்போதெல்லாம் பாறையில் பதியும் கோடுகள்) வேகத்தைக் காட்டிக்கொடுக்கின்றன என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். 1966இல் லெ பிஷோன் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு இதை ஏற்கவே இல்லை! அதே காலத்தில் அமெரிக்காவின் லாமாண்ட் புவியியல் ஆய்வகத்தில் தென்பசிபிக் காந்தப் பதிவு ஒன்றைப் பார்த்தார். மலைத்தொடரின் இருபுறமும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தது. கட்சி மாறிவிட்டார்.

சரி, காந்தப் பட்டைகள் கடல் விரியும் இடத்தில்தானே இருக்கும்? இமயமலையில் ஏது?

இங்கேதான் கணித மேதை ஆய்லரின் 18ஆம் நூற்றாண்டுத் தேற்றம் கைகொடுக்கிறது. கோளத்தின் மேல் ஒரு துண்டு எங்கிருந்து எங்கே போனாலும், கோளத்தின் மையம் வழியே செல்லும் ஏதோ ஓர் அச்சைச் சுற்றித் திரும்பியதாக அதைச் சொல்லிவிடலாம். திருகையில் முளைக்கு அருகே நகர்வு குறைவு, விளிம்பில் அதிகம். பூமியின் மேற்புறத்தில் நகரும் பெரும் பாறைத் துண்டுகளான தட்டுகளும் அப்படித்தான்: அச்சுமுனைக்கு அருகே விரிவு மெதுவாக இருக்கும், அங்கிருந்து 90 பாகை தள்ளி உச்சத்தைத் தொடும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜேசன் மார்கன் 1967இல் இதைத் தட்டுகளுக்குப் பொருத்தினார். லெ பிஷோன் அதை உலகம் முழுவதற்கும் விரித்து, பூமியை ஆறு தட்டுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிட்டு, 1968இல் வெளியிட்டார்.

அழகே இனிமேல்தான். அரபிக்கடலடியில் இந்தியாவும் ஆப்பிரிக்காவும் விலகும் சுழற்சி தெரியும். அட்லாண்டிக்கில் ஆப்பிரிக்கா–அமெரிக்கா தெரியும். ஆர்க்டிக்கில் அமெரிக்கா–யூரேசியா தெரியும். மூன்றையும் வரிசையாகக் கூட்டினால் இந்தியா–யூரேசியா நகர்வு வந்துவிடுகிறது. இமயமலையில் கால் வைக்காமலே! பூமி பெரிதாகவில்லை என்பதால், ஓரிடத்தில் விரிந்தது இன்னோரிடத்தில் நெருங்கித்தான் ஆக வேண்டும். மலையடியில் இந்தியா ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நெருங்குகிறது என்பதை ஜிபிஎஸ் பிறகு உறுதிசெய்தது.

இதற்கான தரவு எப்படி வந்தது தெரியுமா? லாமாண்ட் கப்பல்கள் எந்த வேலைக்குப் போனாலும் காந்தமானியைப் பின்னால் இழுத்துக்கொண்டே போயின, வருடக்கணக்காக. "உடனடிப் பயன் என்ன?" என்று கேட்கும் நிதிக்குழுவிடம் இந்தத் திட்டம் தேறியிருக்காது என்பது என் எண்ணம்.

லெ பிஷோனின் ஆறு தட்டுகளில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒன்றாகவே இருந்தன. பின்னால் வந்தவர்கள் பிரித்தார்கள். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிகழ்ந்து சென்னையிலும் உணரப்பட்ட நிலநடுக்கம், அந்த இரண்டுக்கும் இடையே இன்னமும் தெளிவாக உருவாகாத எல்லைப் பகுதியில்தான் ஏற்பட்டது.